மூட்டுக்கேற்ற சீவுளி

ஒரு கதிரை எத்தனை காலம் உழைக்கும் என்பதை நிச்சயிப்பது எது? மரந்தான் என்று பலர் விடை கூறுவர். முதிரையும் தேக்கும் நெடுங்காலம் உழைப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், வயிரம் பாய்ந்த தேக்கினாற் செய்த கதிரை சில ஆண்டுகளிலேயே ஆட்டங் காண்பதும், சாதாரணப் பலாமரத்தினாற் செய்த கதிரை பாட்டன் காலந்தொட்டுப் பேரன் காலம்வரை அசையாது நிற்பதும் நம் வீடுகளில் நாம் காணாதவை அல்ல. ஆடுகின்ற கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பெரும்பாலும் அதன் கால் முறிந்திராது, சட்டமும் முறிந்திராது. காலும் சட்டமும் கூடுகின்ற இடமே விட்டுப் போயிருக்கும். அந்த இடத்தையே மூட்டு என்கிறோம்.

மூட்டு விட்டுப்போவதற்குக் காரணம் என்ன? இரண்டு மரத்துண்டுகளைப் பசை பிடித்துவைத்திருக்க வேண்டுமானால், அவற்றின் முகங்கள் ஒன்றையொன்று நன்கு தொட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். தச்சர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பசை இடைவெளியை நிரப்பி வலிமை தருவதன்று. இடையிலே சிறு இடைவெளி இருப்பினும், ஒருவர் உட்காரும்போதும் எழும்போதும் அந்த இடம் நுண்ணியதாக அசையும்; அசைவு பசையை உடைக்கும்; உடைந்த பசை மேலும் அசைவுக்கு இடங்கொடுக்கும். இதனோடு காலநிலையும் சேர்ந்துகொள்கிறது. மாரிகாலத்தில் மரம் ஈரத்தை ஏற்றுத் தன் அகலப்பாட்டில் வீங்குகிறது, கோடையில் சுருங்குகிறது. நீளப்பாட்டில் அது பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, முதல் நாளிலேயே இறுக்கமாகப் பொருந்தாத மூட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகப்போவதில்லை.

வாள் அறுத்த முகம் சொரசொரப்பானது. உளி செதுக்கிய முகம், கை நடுங்கிய இடத்திலெல்லாம் மேடுபள்ளமாயிருக்கும். இவ்விரண்டும் விட்டுச்செல்லும் குறையைத் தீர்ப்பதற்கென்றே அமைந்த கருவி சீவுளி. தமிழகத்தில் இதனை இழைப்புளி என்பர். இது மிகத் தொன்மையான கருவி. இங்கிலாந்திலுள்ள சில்செஸ்டர் என்னுமிடத்தில், உரோமர் ஆண்ட காலத்து இரும்புச் சீவுளி ஒன்று 1890இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. அதனை இன்றைய தச்சர் ஒருவரின் கையிற் கொடுத்தால், இது என்ன கருவி என்று அவர் கேட்கமாட்டார். உருவம் அவ்வளவு சிறிதே மாறியிருக்கிறது.

சீவுளியின் தத்துவம் மிக எளியது. ஓர் உளியைக் கட்டை ஒன்றினுள்ளே சாய்வாக இறுக்கி, அதன் கூர்முனை மட்டும் கட்டையின் அடியிலிருந்து மயிரிழையளவு வெளியே தெரியும்படி வைத்தால், அதுவே சீவுளி. வெறும் உளி எவ்வளவு ஆழத்திற்குச் செல்லும் என்பது கையைப் பொறுத்தது. சீவுளியின் அலகு எவ்வளவு ஆழத்திற்குச் செல்லும் என்பதோ அதன் அடித்தளத்தைப் பொறுத்தது. கை தவறினாலும் அடித்தளம் தவறவிடாது. நன்கு தீட்டிய சீவுளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு கனமுள்ள சீவலை எடுக்க வல்லது. மூட்டொன்றைச் சிறிது சிறிதாக இறுக்கத்திற்குக் கொண்டுவருவதற்கு இத்தகைய நுட்பமே வேண்டும்.

எனினும், பலகையைச் சமப்படுத்தும் சாதாரணச் சீவுளி மூட்டுக்குள் நுழைவதில்லை. அதன் அலகு கட்டையைவிட ஒடுங்கியது. இரு பக்கத்திலும் கட்டையின் விளிம்பு நிற்கும். ஆதலால், இரண்டு முகங்கள் கூடும் உள்மூலையை அலகு எட்டாது. இந்த ஒரு தடையை வெல்வதற்காகவே மூட்டுச் சீவுளிகள் பல தோன்றின. சிலவற்றில் அலகு கட்டையின் முழு அகலத்திற்கும் நீண்டிருக்கும். சிலவற்றில் அலகு அடித்தளத்துக்குக் கீழே நெடுக இறங்கிப் பள்ளத்தின் அடியைத் தொடும். வேறு சில, மெல்லிய தகடொன்றின்மேல் ஏறிப் பள்ளத்துக்குள்ளேயே ஓடும்.

பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் இவ்வகைச் சீவுளிகள் எண்ணில. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் ஒருவர் அவற்றைக் கண்டு மயங்குதல் இயல்பு. நல்ல சீவுளியின் விலையோ சிறிதன்று. ஒன்று தவறான தெரிவாகிவிட்டால், பல நாள் உழைப்பின் ஊதியம் பெட்டிக்குள்ளே துருப்பிடித்துக் கிடக்கும். ஆகவே, எந்தச் சீவுளி சிறந்தது என்று கேட்பதற்கு முன், வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று: என்னிடமுள்ள வாளும் உளியும் செய்ய இயலாத வேலை எது? அந்த வேலைக்கே முதலிற் சீவுளி வாங்குதல் வேண்டும். மற்றவை காத்திருக்கலாம்.

இக்கேள்வியை ஓர் அலுமாரியை வைத்து ஆராய்வோம். அதிலே நான்கு வகை மூட்டுகள் வருகின்றன எனக் கொள்வோம். கதவுச் சட்டத்தின் மூலைகளில் துளையும் கழுந்தும் கூடுகின்றன. உள்ளேயுள்ள தட்டுகள் பக்கப் பலகைகளில் வெட்டிய குறுக்குப் பள்ளங்களிற் செருகப்படுகின்றன. பின்பலகை, சட்டத்தின் ஓரத்தில் வெட்டிய படியில் அமர்கிறது. லாச்சியின் அடிப்பலகை, அதன் பக்கங்களில் நெடுகிலும் ஓடும் தவாளிப்பில் நிற்கிறது.

இவற்றுள் எதையும் தொடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மரம் நேராகவும் மூலைமட்டமாகவும் இருத்தல் வேண்டும். மூட்டுக்குரிய கோடுகள் யாவும் ஒரு நேரான முகத்திலிருந்தும் ஒரு நேரான விளிம்பிலிருந்துமே அளக்கப்படுகின்றன. அந்த முகம் முறுகியிருந்தால், அதிலிருந்து கீறிய கோடும் தவறும். கோட்டின்படி வெட்டிய மூட்டும் தவறும். ஆகவே, மூட்டு வேலைக்கு வேண்டிய முதற் சீவுளி, ஏறத்தாழ 14 அங்குல நீளமுள்ள சாதாரணப் பலகைச் சீவுளியே. கடைக்காரர் இதனை ஜாக் பிளேன் என்பர். இது இல்லாமல் மற்றவற்றை வாங்குதல், அத்திவாரமின்றிச் சுவரெழுப்புதல் போன்றது.

இனித் தட்டுகளுக்குரிய குறுக்குப் பள்ளத்தைப் பார்ப்போம். பள்ளத்தின் இரு சுவர்களையும் கத்தியாற் கீறி வாளால் அறுத்துவிடலாம். இடையிலுள்ள மரத்தை உளியால் எடுத்துவிடலாம். ஆனால், பள்ளத்தின் அடி ஒரு முனைமுதல் மறுமுனைவரை ஒரே ஆழமாயிருத்தல் வேண்டும். இதனை உளியால் நிச்சயமாகச் செய்ய முடியாது. அடி ஓரிடத்தில் மேடாயிருந்தால், தட்டு அந்த மேட்டின்மேல் தங்கிவிடும். மற்ற இடங்களில் வெளி விழும். இங்கேதான் ரவுட்டர் பிளேன் எனப்படும் ஆழச் சீவுளி உதவுகின்றது. இதன் அலகு மனிதனின் பாதம்போல் முன்னோக்கி வளைந்து கீழே இறங்கும். அடித்தளம் பள்ளத்தின் இரு கரைகளிலும் அமர்ந்து செல்ல, அலகு பள்ளத்தின் அடியைக் குறித்த ஆழத்திற்கு வழித்தெடுக்கும். எவ்விடத்திலும் அதற்குமேல் ஆழமாக அது வெட்டாது.

அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 71ஆம் இலக்கமிட்ட இரும்பு ஆழச் சீவுளியை 1880களில் வெளியிட்டது. இன்று வேறு உற்பத்தியாளர் செய்பவற்றிலும் அதன் அமைப்பையே காணலாம். ஆனால், பொருள் வசதியற்றவர் அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு கட்டையில் சாய்வாகத் துளையிட்டு, ஒடுங்கிய உளி ஒன்றை ஆப்பினால் இறுக்கினால், அதுவே ஆழச் சீவுளி. முற்காலத்து ஆங்கிலத் தச்சர்கள் இதனைக் கிழவியின் பல் என்று வேடிக்கையாகப் பெயரிட்டழைத்தனர். ஒற்றைப் பல் வாயிலிருந்து நீண்டு நிற்கும் தோற்றமே அப்பெயருக்குக் காரணம். அலகு செங்குத்தை அண்மித்த சாய்வில் இருப்பதால் இது சீவுவதைவிடச் சுரண்டுவதே அதிகம். எனினும், ஆழம் தவறுவதில்லை.

அடுத்தது கழுந்து. கழுந்தின் அகன்ற இரு பக்கங்களையும் கன்னங்கள் என்பர். கன்னம் முடிந்து சட்டம் தொடங்கும் குறுக்கு வெட்டைத் தோள் என்பர். இரண்டின் கடமையும் வேறு. கன்னத்தில் மரத்தின் நார், துளையின் சுவரிலுள்ள நாரோடு பக்கம் பக்கமாகக் கூடுவதால் பசை அங்கேதான் உறுதியாகப் பிடிக்கும். தோளில் நாரின் வெட்டுமுனைகளே தெரிகின்றன. அங்கே பசை நன்கு பிடிக்காது. ஆனால், சட்டம் பக்கவாட்டில் ஆடாமல் தாங்குவது தோளே. எனவே, கன்னம் துளையோடு பொருந்துதல் வேண்டும். தோள் நான்கு பக்கமும் ஒரே கோட்டில் நின்று காலைத் தொடுதல் வேண்டும்.

கன்னத்தைச் சரிப்படுத்துவதற்கும் ஆழச் சீவுளியே தக்கது என்பதைப் பலர் அறியார். சீவுளியின் அடித்தளத்தைச் சட்டத்தின் முகத்தில் அழுத்திவைத்து, அலகைக் கன்னத்தின்மேல் வளைவாக ஓட்டினால், கன்னம் சட்டத்தின் முகத்துக்கு முற்றிலும் இணையாகிவிடும். இரு பக்கமும் ஒரே ஆழத்தில் இவ்வாறு செய்யின், கழுந்து சட்டத்தின் நடுவில் நேராக நிற்கும். முறுகிய கழுந்து கதவு முழுவதையும் முறுக்கிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

தோளுக்கென்றே ஷோல்டர் பிளேன் எனப்படும் தோட்சீவுளி உண்டு. அதன் அலகு கட்டையின் முழு அகலத்திற்கும் உள்ளது. பக்கங்கள் அடித்தளத்துக்குச் செங்குத்தானவை. ஆதலால், தோளைச் சீவும்போது கன்னத்தோடு ஒட்டிய உள்மூலைவரை அது செல்லும். அலகு தாழ்ந்த கோணத்தில், சாய்வு தீட்டிய பக்கம் மேல்நோக்க அமர்ந்திருக்கும். நாரின் வெட்டுமுனைகளைச் சீவும்போது அலகு அதிராமலிருக்க இவ்வமைப்பு உதவுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சாகச் சீவினால் கடைசி விளிம்பு பிய்ந்துபோகும். இரு முனைகளிலுமிருந்து நடுவை நோக்கிச் சீவுதலே முறை. முக்கால் அங்குல அகலமுள்ள தோட்சீவுளி பெரும்பாலான தளபாட வேலைக்குப் போதும். ஆனால், கத்தியால் ஆழமாகக் கீறிய கோட்டில் அகன்ற உளியை வைத்துச் செதுக்கியும் நல்ல தோள் அமைக்கலாம். ஆகவே, தோட்சீவுளி பயனுடையதே என்றாலும் முதலில் வாங்கவேண்டியதன்று.

மூன்றாவது, பின்பலகைக்குரிய ஓரப்படி. இதனை வெட்டும் சீவுளி ரிபேட் பிளேன் எனப்படும். ஸ்டான்லி 78ஆம் இலக்கத்தையும், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ரெக்கோட் நிறுவனத்தார் செய்த 078ஆம் இலக்கத்தையும் பழைய பட்டறைகளிற் காணலாம். அலகின் அகலம் ஒன்றரை அங்குலம். படியின் அகலத்தைக் காக்க ஒரு வழிகாட்டியும், ஆழத்தைக் காக்க ஒரு தடையும் உண்டு. நாருக்குக் குறுக்கே செல்லும்போது நாரை முன்கூட்டியே வெட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு சிறு முள்ளும் உண்டு. வழிகாட்டி மரத்தின் விளிம்பில் விலகாமல் அழுந்தியிருக்க வேண்டும். விலகினால் படியின் சுவர் சாய்ந்துவிடும்.

நான்காவது, லாச்சியின் தவாளிப்பு. அடிப்பலகை திண்மரமாயின் அதனைப் பசையிட்டு ஒட்டலாகாது. மாரியில் வீங்கவும் கோடையில் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும். தவாளிப்பு அதற்கு அந்த இடத்தைக் கொடுத்தபடியே கீழே விழாமலும் தாங்குகிறது. நாரின் வழியே ஓடும் இந்த ஒடுங்கிய நீண்ட பள்ளத்தை வாளால் அறுப்பது மிகக் கடினம். உளியால் நேராகத் தோண்டுவதோ அதனினும் கடினம். இங்கே பிளவ் பிளேன் எனப்படும் தவாளிப்புச் சீவுளிக்கு ஈடு வேறொரு கைக்கருவி இல்லை. அது மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் ஓடும். வழிகாட்டியும் ஆழத்தடையும் உடையது. பழைய மரச் சீவுளிகளுக்கு 1/8 அங்குலம் முதல் 9/16 அங்குலம்வரை எட்டு அலகுகள் ஒரு தொகுதியாக வந்தன. லாச்சிக்கு 1/4 அங்குல அலகு ஒன்றே பெரும்பாலும் போதும். மரத்தின் முன்முனையிற் சிறு சிறு தள்ளல்களாகத் தொடங்கிப் பின்னோக்கி வருதல் வேண்டும். நாருக்குக் குறுக்கே இதனை ஓட்டலாகாது. முள் இல்லாத சீவுளி நாரைப் பிய்த்தெறிந்துவிடும்.

இச்சீவுளியிடம் இன்னுமொரு நன்மை உண்டு. பலகையின் முகத்திலிருந்து ஒரு தவாளிப்பும், விளிம்பிலிருந்து மற்றொரு தவாளிப்பும் வெட்டி, இரண்டையும் உள்ளே சந்திக்கச் செய்தால், மூலையிலுள்ள மரம் தனித்துண்டாக வெளியே வந்துவிடும். எஞ்சுவது ஓரப்படி. ஆகவே, தவாளிப்புச் சீவுளி உடையவர் ரிபேட் பிளேனுக்கு அவசரப்பட வேண்டுவதில்லை.

நமது கேள்விக்கு விடை இப்போது கிடைத்துவிட்டது. முதலிற் பலகைச் சீவுளி. அடுத்தது ஆழச் சீவுளி. அதனைக் கையாலே செய்துகொண்டாலும் சரி. மூன்றாவது, அலுமாரியும் லாச்சியும் பெட்டியும் செய்பவருக்குத் தவாளிப்புச் சீவுளி. கதிரையும் மேசையுமே செய்பவருக்குத் தோட்சீவுளி. ஓரப்படிச் சீவுளி அதன்பின் வரலாம். புறாவால் மூட்டுக்கோ வாளும் உளியுமே போதும். அதற்கெனத் தனிச் சீவுளி வேண்டா.

எல்லா வேலையையும் ஒன்றே செய்யும் சீவுளி இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஸ்டான்லியின் 45ஆம், 55ஆம் இலக்கச் சீவுளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நோக்கத்துடனேயே வெளிவந்தன. பின்னதற்கு 50க்கும் மேற்பட்ட அலகுகள் இருந்தன. அவை வியக்கத்தக்க கருவிகளே. ஆயினும், அவற்றை ஒவ்வொரு வேலைக்கும் பூட்டிச் சரிசெய்வதற்கே நெடுநேரம் செல்லும், பாரமும் அதிகம். நான்கு மூட்டுகளைச் செய்யவேண்டிய இளைஞர், ஐம்பது அலகுகளைத் தீட்டுவதிற் காலம் போக்குதல் கூடாது.

மேற்கூறிய பழைய சீவுளிகளிற் பல இப்போது புதிதாக உற்பத்தியாவதில்லை. ஆயினும், பழைய கருவி விற்போரிடமும், தொழிலை விட்ட தச்சர் வீடுகளிலும் கிடைக்கும். வாங்குமுன் சிலவற்றைப் பார்த்தல் வேண்டும். அலகின் தட்டையான பின்பக்கத்தில், கூர்முனைக்கு அண்மையில், துரு குழி குழியாக அரித்திருக்கிறதா? அரித்திருந்தால் அவ்வலகு கூர்மை பெறாது. தோட்சீவுளியாயின், பக்கமும் அடியும் செங்கோணமா என்று மூலைமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அதன் அலகு கட்டையின் அகலத்துக்குச் சமமாகவோ, மயிரிழையளவு அதிகமாகவோ இருத்தல் வேண்டும். குறைவாயின் உள்மூலையை எட்டாது. தவாளிப்புச் சீவுளியாயின், வழிகாட்டி தகட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காணாமற்போன திருகாணியும் வழிகாட்டியும் பின்னர் எளிதிற் கிடைக்கும் என்று நம்பி வாங்குதல் கூடாது. மேற்புறத் துருவைக் கண்டு மட்டும் அஞ்சவேண்டா. அது தேய்த்தாற் போய்விடும்.

மரத்தின் குணத்தையும் அறிதல் வேண்டும். தேக்கில் மணல்போன்ற சிலிக்கா கலந்திருப்பதால் அது அலகை விரைவில் மழுங்கச் செய்யும். முதிரையில் நார்கள் ஒன்றற்கொன்று எதிராகப் பின்னிக் கிடக்கும். எத்திசையிற் சீவினும் ஓரிடத்திற் பிய்யும். இத்தகைய மரங்களில் அலகை அடிக்கடி தீட்டி, மிக மெல்லிய சீவலாக எடுத்தலே வழி. சாணைக்கல் இல்லாதவருக்கு உலகின் மிகச் சிறந்த சீவுளியும் பயன்படாது.

மின்சார ரவுட்டர் இவற்றுட் பலவற்றைச் சில நிமிடங்களிற் செய்துவிடுமே என்பர். உண்மை. ஐம்பது கதவு செய்யும் பட்டறைக்கு அதுவே தக்கது. ஆனால், அது அடித்துவைத்த அளவுக்கு வெட்டுமேயன்றி, எதிர்ப்பலகை சற்றுக் கனமாயிருக்கிறதே என்று உணர்ந்து வெட்டாது. இயந்திரம் வெட்டிய கழுந்து துளைக்குள் நுழைய மறுக்கும்போது, ஒரே ஒரு சீவலை எடுத்து அதனை நுழையச் செய்வதற்கு, இயந்திரம் நிறைந்த பட்டறையிலும் ஒரு கைச்சீவுளி இருத்தல் நலம்.

மூட்டு சரியாக வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? பசையிடுமுன் கழுந்தைத் துளையிற் செருகிப் பாருங்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தாலன்றி அது செல்லாதாயின், இன்னும் ஒரு சீவல் எடுக்கவேண்டும். இல்லையேல் துளையின் சுவர் பிளக்கும். தன் பாரத்தாலேயே உள்ளே விழுந்துவிடுமாயின், அளவு மிஞ்சிவிட்டது. கன்னத்தில் மெல்லிய மரச்சீவலை ஒட்டி மீண்டும் சீவவேண்டும். கையால் அழுத்தும்போது சிறிது தயங்கி உள்ளே சென்று, சட்டத்தைத் தூக்கிப் பிடித்தாலும் கழன்று விழாமல் நிற்குமாயின், பசைக்கிண்ணத்தை எடுக்கலாம்.